தள்ளி நில்

கோவளத்தில், முட்டுக்காட்டுக் கழி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நின்றிருந்தேன். "ஏத்தம் வருதும்மா, தள்ளி நில்லு" என்றார் மீன்கூடையோடு வந்த அம்மா ஒருவர். கடல்நீர் கழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதில் வீட்டிலும் இதே "தள்ளி நில்லு" கேட்டிருக்கிறேன். அன்று பெருகியது கடல் அல்ல.

ருமேனிய மொழியில் கடலேற்றத்துக்குப் பெயர் 'ஃப்ளுக்ஸ்', வற்றத்துக்கு 'ரெஃப்ளுக்ஸ்'. ஓடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். மாதவிடாய்ப் போக்கையும் அங்கே 'ஃப்ளுக்ஸ்' என்பார்கள்; இயற்பியலின் காந்தப் பாயமும் அதுவே. கடல், காந்தம், கருப்பை மூன்றுக்கும் ஒரே சொல்.

தமிழில் கடலுக்கு ஓதம், இயற்பியலுக்குப் பாயம். ஆறு பெருகினால் ஆடிப்பெருக்கு, படையல்கூட உண்டு. பெண்ணுடலில் பெருகினால் மட்டும் தீட்டு, தூரம். இந்த இரண்டு சொற்களிலும் ஓட்டமே இல்லை. ஒதுங்குகிறவரின் அச்சம்தான் இருக்கிறது. உதிரப்போக்கு என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. மருத்துவரிடம் நோயாகச் சொல்லும்போதுதான் அதை எடுக்கிறோம்.

அப்படியானால் சொல்லை மாற்றினால் போதுமா? 1966இல் ருமேனியாவின் சௌஷெஸ்கு அரசு, 770ஆம் ஆணை மூலம் கருக்கலைப்பைச் சில விலக்குகளோடு தடைசெய்தது. 1980களில் பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்றறிய, வேலையிடங்களிலேயே கட்டாயப் பரிசோதனைகள் நடந்தன. 1989 டிசம்பரில் ஆட்சி வீழ்ந்த பிறகே அந்த ஆணை நீங்கியது. கடலின் சொல்லையே பெண்ணுடலுக்கும் வைத்திருந்த மொழியில்தான் இதெல்லாம் நடந்தது. நம் வீடுகள் ஒதுக்கிவைத்து நாள் எண்ணின. அந்த அரசு அருகே வந்து எண்ணியது. இரண்டிலும் கணக்கு அவளுடையதாக இல்லை.

பாயம் என்பது ஒரு பரப்பைக் கடந்து செல்வதன் அளவு. பரப்பைச் சாய்த்தால் அளவு மாறும். புலத்துக்கு இணையாகப் பிடித்தால் சுழியாகிவிடும். அப்போதும் புலம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது நாம் பிடித்த கோணம். தீட்டையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது உடலில் இல்லை, உடலுக்கு எதிரே பிறர் பிடித்திருக்கும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே சொல்லைக் கேட்பதோடு, அந்தச் சட்டம் யார் கையில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் புடவை நனையக்கூடாதே என்றுதான் அந்த அம்மா தள்ளி நிற்கச் சொன்னார். சொல்லிவிட்டுக் கூடையோடு நடந்துவிட்டார். நனைவதா வேண்டாமா என்பதை என்னிடமே விட்டிருந்தார். நான் அங்கேயே நின்றேன்.