பைக்கா, பாரமா?



"அண்ணே, புது பைக் வாங்கலாமா? வாங்கினா பாவமா?" வாலிபர் கூட்டம் முடிந்ததும் தம்பிமார் கேட்கிற கேள்வி இது. "இந்தப் பையனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க ஐயா" என்று தாய்மார் வந்து நிற்பதும் இதே காரியத்தைக் குறித்துத்தான். இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. சில வீடுகளில் தகப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே சற்று நிதானமாய்ச் சிந்திப்போமா?

பெயர் சொல்லியே பேசுவோம். ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2024 ஜூலையில் கெரில்லா 450 என்ற பைக்கை வெளியிட்டது. 452 சிசி எஞ்சின், ஆறு கியர். வந்தபோது ஷோரூம் விலையே 2 லட்சத்து 39 ஆயிரம் ரூபாயில் ஆரம்பம். பதிவும் இன்ஷூரன்ஸும் வேறு. 1955-ல் சென்னையில் துவங்கின அந்தக் கம்பெனிக்கு இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் உண்டு. இரண்டும் நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டம்தான். தறி வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி அந்தப் பக்கம்தான் ஷிப்டுக்குப் போகிறார்கள். கண்ணெதிரே பைக் செய்யப்படும்போது அதன்மேல் ஆசை வருவது ஆச்சரியமா?

"அவசியமில்லாத பொருள், அதனால பாவம்" என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பொறுங்கள்! நாம் எந்த ஊரில் இருக்கிறோம்? உடம்பை மூட ஒரு நூல் புடவை போதும். ஆனால் நம்முடைய ஊரோ பட்டிலே பிழைக்கிறது. வெள்ளி இழையில் பொன் முலாம் பூசின சரிகை, உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா ஓடுகிற கோர்வை! இதிலே எது அவசியம்? தேவைக்கு மேற்பட்டதெல்லாம் பாவம் என்றால் நம்முடைய வீடுகளில் பாதி அடுப்பு எரியாது. காணிக்கைப் பெட்டியிலும் அந்தப் பணம் விழக்கூடாது. ஒரு பெண் தன் கல்யாண நாளில் அரக்கு நிறப் பட்டு உடுத்திச் சந்தோஷப்படுவது தவறில்லை என்றால், ஒரு வாலிபன் தன் உழைப்பில் ஒரு நல்ல வண்டி ஓட்டிச் சந்தோஷப்படுவது மட்டும் எப்படித் தவறாகும்?

அப்படியானால் எல்லாரும் வாங்கலாமா? இல்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. "இது அவசியமா?" என்பதல்ல, "இதன் பாரம் யார் தோளில் ஏறும்?" என்பதே கேள்வி.

இதை நெசவாளருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோர்வைப் புடவை நெய்யப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். கரை நாடாவைத் தள்ள ஒரு கை வேண்டும். எத்தனையோ வீடுகளில் அது ஒரு பிள்ளையின் கையாக இருந்தது. முதலாளியிடம் வாங்கின முன்பணம் தீரும்வரை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்தது. ஆனாலும் 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு, பட்டுத்தொழிலில் கடனுக்காகக் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி எழுதின அறிக்கையில் நம்முடைய காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. முன்பணத்தில் கையெழுத்துப் போட்டது தகப்பன். அதை அடைத்ததோ பிள்ளையின் விரல்கள். கடன் கொடுத்தவனுக்குக் கடன்பட்டவன் அடிமை என்ற நீதிமொழி நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல, அனுபவித்த சத்தியம்.

இப்போது காலம் மாறிவிட்டது. கையெழுத்துப் போடுவது பிள்ளை. அடைக்கப்போவது யார்?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2 லட்சம் ரூபாய் கடன், வருஷத்துக்கு 11 சதவீத வட்டி, 36 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஏறக்குறைய 6,550 ரூபாய் கட்டவேண்டும். முடியும்போது வட்டி மாத்திரம் 35,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். பெட்ரோலும் சர்வீஸும் இதில் சேரவில்லை. சம்பளம் வருகிறவரை சரி, வராவிட்டால்? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையை நாம் மறந்துவிட்டோமா? 2006-ல் திறந்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான வாலிபரும் இளம் பெண்களும் வேலையை இழந்தார்கள். கம்பெனி கதவை மூடலாம் தம்பி, தவணை தன் வாயை மூடாது. அந்த மாதம் அம்மா கூடுதலாக இரண்டு மணி நேரம் தறியில் உட்காருவாள். தங்கச்சியின் காலேஜ் பீஸ் தள்ளிப்போகும். வண்டி உன்னுடையது, பாரம் அவர்களுடையது. தவறு அங்கேதான் இருக்கிறது, பைக்கில் இல்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் பைக் கேட்டால் "உலக ஆசை" என்கிறோம். கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கி, ஊர் மெச்சப் பந்தல் போட்டு, பவுன் கணக்கு பேசும்போது மட்டும் அது கௌரவமா? அந்தக் கடனைப் பத்து வருஷம் சுமப்பது யார்? பல வீடுகளில் இதே மகன்தானே! நாம் ஏற்றிவைத்த சுமையை மறைத்துவிட்டு, அவன் ஆசையை மட்டும் பிரசங்கம் பண்ணினால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். கேட்காததில் நியாயமும் உண்டு.

ஆகவே தம்பி, ஷோரூமுக்குப் போகுமுன் மூன்று காரியங்களை யோசித்துப் பார்.

முதலாவது, ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் வீட்டில் ஒருவர் கையையும் பிடுங்காமல் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் இன்னும் காலம் வரவில்லை. அந்த 6,550 ரூபாயை இப்போதே மாதாமாதம் தனியே எடுத்துவை. ஒரு வருஷம் அப்படி வைக்க முடிந்தால் உன் கையில் 78,600 ரூபாய் இருக்கும். கடன் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறையும். வைக்க முடியவில்லையா? அப்போது விடையும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, யாருக்குக் காட்ட இதை வாங்குகிறாய்? ஷிப்டு முடிந்து நேரத்தோடு வீடு வர 125 சிசி வண்டியே போதும். மிச்சம் இருப்பது ஓட்டுகிற சந்தோஷமா, அல்லது தெருமுனையில் நாலுபேர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதா? சந்தோஷம் இரண்டாம் வருஷமும் இருக்கும். அடுத்த மாடல் வந்த அன்றே நாலுபேர் பார்வை அங்கே திரும்பிவிடும்.

மூன்றாவது, அந்த வேகத்தை எங்கே ஓட்டப்போகிறாய்? 2022-ல் நம்முடைய தேசத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே உன் உயிர் உனக்கு மட்டும் சொந்தமல்ல. ஹெல்மெட் வாங்கப் பணம் இல்லையென்றால் பைக் வாங்கவும் பணம் இல்லை என்றே அர்த்தம்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும் என்று ஆண்டவர் உவமையாய்ச் சொன்னார். உட்கார்ந்து! ஷோரூமில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி அல்ல. வீட்டில், அப்பா அம்மாவோடு, சம்பளச் சீட்டையும் வீட்டுக் கடன் நோட்டையும் நடுவே விரித்துவைத்து. பெரியவர்களே, அன்றைக்கு உங்கள் நோட்டையும் ஒளிக்காமல் திறவுங்கள். எல்லாக் கணக்கும் வெளிச்சத்துக்கு வந்தபின்பு "வாங்கிக்கோடா கண்ணு" என்று அம்மா மனதாரச் சொன்னால், தம்பி, தாராளமாய் வாங்கு. ஸ்தோத்திரத்தோடு ஓட்டு. அந்த முகம் வாடினால், ஒரு வருஷம் பொறு. வண்டி எங்கேயும் ஓடிவிடாது.