யார் உறவினர்?

2019-இல் என் தாய்மாமா தன்னுடைய நாலு சென்ட் வீட்டுமனையை என் பேருக்கு எழுதிக் கொடுத்தார். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை தவறிப் பல வருஷம். கடைசிப் பதினோரு வருஷம் அவருக்குச் சோறு பொங்கிப் போட்டதும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் பக்கத்து வீட்டு அக்கா. நான் தீபாவளிக்கு ஒரு வேட்டியோடு போய் நின்றேன். அவ்வளவுதான்.

"அவளுக்கே எழுதிரலாம்னு பாக்குறேன் மாப்ள" என்று மாமா ஒருமுறை சொன்னார். வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அதை முடித்துவைத்தது ஒரே வாக்கியம்: "அவளுக்குக் குடுத்தா டாக்ஸ் கட்டணும், இவனுக்குக் குடுத்தா வேணாம்."

பொய்யில்லை. அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள மனை இனாமாக வந்தால் முழு மதிப்பும் வாங்கியவரின் வருமானம். உறவினர் கொடுத்தால் வரி இல்லை. யார் உறவினர் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பெற்றோரின் உடன்பிறந்தவர் அதில் இருக்கிறார். உடன்பிறந்தவரின் பிள்ளை இல்லை. அதாவது மாமா எனக்குக் கொடுத்தால் வரி இல்லை. நான் மாமாவுக்குக் கொடுத்திருந்தால் உண்டு. பாசம் மேலிருந்து கீழேதான் பாயும் என்று சட்டம் நினைக்கிறது போல.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேறு குடும்பம். அங்கே முத்திரைத்தீர்வைச் சலுகைக்குரிய பட்டியலில் மருமகனுக்கு இடமில்லை. முழுத் தீர்வை கட்டினோம். அந்த மேஜையில் நானும் அக்காவும் ஒரே அளவு அந்நியர்கள்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனையின் வழிகாட்டி மதிப்பு 12 லட்சம். அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. அன்றைய விகிதத்தில் வரி சுமார் 1,80,000 ரூபாய். அதைக் கட்டியிருந்தாலும் பெரும்பங்கு அவருக்கு மிஞ்சியிருக்கும். ஒன்றே முக்கால் லட்சத்தை மிச்சம் பிடிக்க, 12 லட்சத்தை அவரிடமிருந்து நகர்த்தியிருக்கிறோம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் சிக்கனம்.

அதைவிட மோசம் இன்னொன்று. உயில் மூலம் வரும் சொத்துக்கு, கொடுப்பவர் யாராக இருந்தாலும், இந்த வரியே இல்லை. மாமா ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதும் உண்மை. வரி எங்களுக்குக் காரணமாக இருக்கவில்லை, சாக்காக இருந்தது.

சட்டம் அநியாயம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சட்டம் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவேயில்லை. கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று மட்டும்தான் சொன்னது. அந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கியது நாங்கள்.

மாமா போய் இரண்டு வருஷம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். மனையை அவர் பேருக்கு மாற்றித் தருகிறேன், வரியையும் நானே கட்டுகிறேன் என்றேன். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் தானம் தானமாகும்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அவரு குடுத்திருந்தா வாங்கியிருப்பேன் தம்பி. நீ குடுக்குறது வேற."

மனை இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. வீட்டுவரி ரசீது தவறாமல் வருகிறது.