சாமிக்கு நாலெல்லை

நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாமி பெயரில் பட்டா இருப்பது எங்களுக்கு அதிசயமில்லை. 'அ' பதிவேட்டில் தேவஸ்தானத்தின் பெயர் இருக்கும், புலப்படத்தில் அளவு இருக்கும், கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் நாங்கள் போய்ச் சங்கிலி பிடிப்போம். சட்டத்தின் கண்ணில் சாமியும் ஒரு நபர். சொத்தும் வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். நியம்கிரி வழக்கைப் படித்தபோது என் புத்தி எல்லைக்கல்லைத் தேடிப் போனதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

ஒடிசாவில் ராயகடா, களாஹாண்டி மாவட்டங்களில் கிடக்கிறது அந்த மலைத்தொடர். அங்குள்ள டோங்ரியா கோண்டு மக்களின் தெய்வம் நியமராஜா. அவருடையது என்பதால் மலைமுகட்டுக் காட்டில் கோடரி வைக்கமாட்டார்கள். முகட்டுக்கு அடியில் ஏழு கோடி டன் அளவில் பாக்சைட். அந்தப் படிவம் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைகளில் கசியவிடும். வம்சதாரா ஆற்றுக்கு அங்கிருந்துதான் நீர். அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தாவின் அலுமினா ஆலை தாதுவுக்காகக் காத்திருந்தது.

2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அங்கே சுரங்கம் தோண்டலாமா என்ற கேள்வியைக் கிராம சபைகளிடம் விட்டது. காட்டின்மேல் அவர்களுக்குள்ள பாத்தியதை என்ன, சுரங்கம் வந்தால் வழிபாட்டுக்கு இடைஞ்சல் உண்டா என்று அவர்களே சொல்லவேண்டும். மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். மாநில அரசு 12-ஐ மட்டும் பொறுக்கி எடுத்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், நீதிபதி ஒருவர் முன்னிலையில், பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது கேள்விதான். வழிபாட்டுக்கு இடைஞ்சலா என்று கேட்டால், வழிபாடு எங்கே நடக்கிறது என்று அடுத்து கேட்டாகவேண்டும். என்னை அனுப்பியிருந்தால் நானும் கேட்டிருப்பேன்: வடக்கே எதுவரை, கிழக்கே எதுவரை? ஊர்க்காரர்கள் உச்சியை மட்டும் காட்டவில்லை. மலை முழுக்க அவர்தான் என்றார்கள்.

சாமி எங்கும் நிறைந்தவர் என்று நம் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லும். சொல்லிவிட்டு அவரைக் கருவறைக்குள் வைத்துப் பூட்டுவோம். கொல்லிமலையில் கோயில்காடுகள் உண்டு. மரத்தடியில் ஒரு கல், நட்டுவைத்த வேல். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவார்கள், சுள்ளிகூடப் பொறுக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட காடுகள் பலவற்றுக்கு நேர்ந்தது இதுதான்: கல்லுக்கு மேல் முதலில் தகரக் கூரை, அப்புறம் சிமென்ட் மண்டபம், கும்பாபிஷேகம், வண்டி நிறுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் சில மரங்கள் போயின. பக்தி ஒன்றும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆகவே, பக்தி இருந்தால் காடு பிழைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. சாமிக்கு வீடு கட்டிக் கொடுத்ததுமே மிச்ச இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கடவுள் மறுப்பாளரான நண்பர் ஒருவர் மடக்கினார்: "அவங்க பேரப்பிள்ளைங்க படிச்சு, நம்பிக்கை போயிட்டா? அப்ப மலையைத் தோண்டலாமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் டோங்ரியா அல்லாத சமூகத்தார் வாழும் ஊர்களும் இருந்தன. அவர்கள் தீர்மானமும் அதேதான். ஓடை, மஞ்சள், அன்னாசி, நியமராஜா எல்லாவற்றையும் அந்த மக்கள் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். பிழைப்புக்கு ஒரு கலம், வழிபாட்டுக்கு ஒரு கலம் என்று படிவம் வைத்திருப்பது நாம்; இரண்டிலும் அவர்களுக்கு எழுத ஒரே பதில்தான் இருந்தது. நம்பிக்கை தேய்ந்தாலும் ஓடை வேண்டுமே என்று நண்பரிடம் சொன்னேன். அவர் முழுசாக ஒப்பவில்லை.

2016-இல் மறுபடியும் கிராம சபை கூட்ட வழி கேட்டு நீதிமன்றம் போன மாநிலச் சுரங்கக் கழகத்தின் மனு தள்ளுபடியானது. ஆலைக்குப் பசி தீரவில்லை. இப்போது தாதுவுக்காகக் கண் வைத்திருப்பது அதே பகுதியிலுள்ள சிஜிமாலி மலைமேல். அங்கும் ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். அந்த மலைக்கும் ஒரு ராஜா உண்டு என்கிறார்கள்.