இறுதித் தீர்ப்பும் சரியான தீர்ப்பும்

பிழையே செய்யாத நடுவர் இன்னும் பிறக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. பிழையென்று தெரிந்த பிறகும் தீர்ப்பு நிற்கலாமா என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989-ல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ என்ற ஸ்தாபனம், பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோப் போட்டியை 1992-ல் ஆரம்பித்தது. பிள்ளைகள் தாங்களே கட்டிய யந்திரங்களைக் களத்தில் இறக்குவார்கள், பக்கத்துக்கு மூன்று. 2024-ம் ஆண்டில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை நிமிஷம். வாரக்கணக்கில் பட்ட பாடெல்லாம் அந்த இரண்டரை நிமிஷத்தில் மதிப்பெண்ணாகிவிடும். மதிப்பிடுகிற நடுவர்களோ கூலி வாங்காத தொண்டர்கள்.

அவ்வாண்டு விதிநூலின்படி தலைமை நடுவரின் தீர்ப்பே இறுதியானது. வீடியோ, புகைப்படம், சித்திரம் எதையும், யார் கொண்டுவந்தாலும், அவர் பார்க்க மாட்டார். ஐயம் இருந்தால் களத்தோரம் அதற்கென்று குறித்த கட்டத்தில் வந்து நின்று கேட்கலாம். கேட்க வேண்டியவர் ஒரு மாணவர். ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ அங்கே இடமில்லை.

ஆதாரம் கையில் இருக்கப் பார்க்க மறுப்பது அநீதியல்லவா? முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நல்ல காமிரா உள்ள அணிக்கு ஒரு நீதி, இல்லாத அணிக்கு ஒரு நீதி என்றாகிவிடக்கூடாதே! ஒவ்வொரு புள்ளிக்கும் வழக்காடிக்கொண்டிருந்தால் ஆட்டந்தான் நடக்குமா? எங்காவது ஓரிடத்தில் முற்றுப்புள்ளி வைத்தாக வேண்டும். விதி நியாயமானதே.

ஆயினும் அந்த விதி, தீர்ப்பு இறுதியானது என்று மட்டுமே சொல்கிறது. சரியானது என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் மறைத்துவிடுகிறார்கள்.

பேராசிரியர் உட்டி ஃப்ளவர்ஸ் இந்தப் போட்டிக்கு ஒரு கொள்கையைத் தந்து சென்றார். கடுமையாகப் போட்டியிடு, எதிரியையும் மதித்து நட என்பது அதன் சாரம். தோற்ற பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லி, “போகட்டும், விடு” என்பது சுலபம். கண்ணியம் தோற்றவர்களுக்கு மட்டும் விதித்த வரியா? தீர்ப்புச் சொன்னவருக்கு அதில் பங்கில்லையா?

“நான் நின்ற இடத்திலிருந்து கண்டது இவ்வளவுதான். என் கண் பிசகியிருக்கலாம். ஆனாலும் தீர்ப்பு மாறாது” என்று ஒரு நடுவர் சொல்லட்டும். அந்தச் சிறுமி ஆட்டத்தை இழப்பாள். தன் கண்மீது வைத்த நம்பிக்கையை இழக்கமாட்டாள். “நான் சொன்னதுதான் நடந்தது” என்று அவர் சாதித்தாலோ, உண்மை என்பது அதிகாரம் உள்ளவர் சொல்வது என்று அவள் கற்றுக்கொள்வாள். யந்திரம் கட்டுகிறவளுக்கு அதைவிடக் கெட்ட பாடம் கிடையாது. பெரிய மனிதர் உத்தரவிட்டார் என்பதற்காக எந்தச் சக்கரமும் சுழல்வதில்லை.

தீர்ப்புக்குப் பணியச் சொல்லுங்கள். அதை நம்பச் சொல்லாதீர்கள்.