யார் தந்த பால்

மூன்று வயதுப் பிள்ளையின் கடைவாயில் பால் ஒழுகுகிறது. குளித்துக் கரையேறிய தகப்பனார் சிவபாத இருதயர் ஒரு குச்சியை ஓங்கிக்கொண்டு, யார் தந்த பாலைக் குடித்தாய் என்று அதட்டுகிறார். பிள்ளை வானத்தை நோக்கி விரலை நீட்டிக் காட்டுகிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சீர்காழிக் குளக்கரையில் நடக்கும் இந்தக் காட்சியை ஞானத்தின் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். நான் தமிழாசிரியை. ஒரு பெண் குழந்தையைப் பெற்று, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, இதே கதையில் வேறு இரண்டு விஷயங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று, அந்தக் குச்சி. மற்றொன்று, பால் வந்த விதம். சம்பந்தர் என்னும் அந்தப் பிள்ளை குடித்த பால் பொன் கிண்ணத்தில் வந்தது. பெற்ற தாய் பகவதியார் அந்தக் கரையிலேயே இல்லை.

எங்கள் வீட்டில் பொன் கிண்ணம் இல்லை, பாலாடை உண்டு. நான் செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸில் போய் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில், விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறைக்குள் போவேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியைக் கதவோடு அண்டக் கொடுத்து, அதிலேயே உட்கார்ந்து, கையால் அழுத்தும் பம்பில் பால் எடுப்பேன். வெளியே பிள்ளைகளின் காலடிச் சத்தம் கேட்டால் தோள் தானாக இறுகும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் புட்டியின் அடி மட்டும் நனைந்திருக்கும். அதை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அத்தை அதைப் பாலாடையில் ஊற்றி, பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். மீதிப் பசிக்கு டின் பவுடர்.

அத்தை குறை சொல்பவள் இல்லை. பூண்டைப் பாலில் வேகவைத்துத் தந்தாள், முருங்கைக்கீரை, வெந்தயக் கஞ்சி, பால்சுறாப் புட்டு என்று நாள் தவறாமல் செய்து போட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சிதான் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: “ஏட்டி, பிள்ளைக்குப் பால் காணலையாமே? போன ஜென்மத்துல கன்னுக்குட்டிக்கு விடாம ஒட்டக் கறந்திருப்பே.” ஆச்சி கெட்ட மனசுக்காரி அல்ல. அவள் சொன்னதைக் கேட்டு அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

வினைக் கொள்கையை நான் மறுக்கிறவள் இல்லை. சைவம் கன்மத்தை மூன்று மலங்களில் ஒன்றாக வைக்கிறது, நானும் அதை நம்புகிறேன். ஆனால் அடுத்தவர் கணக்கைப் பிரித்துப் படிக்கும் கண்ணை இறைவன் நமக்குத் தரவில்லை. தன் வாழ்க்கையை நினைத்து ஒருத்தி “என் வினை” என்று சொன்னால், அது பொறுத்துக்கொள்வதற்கான ஒரு வழி. மற்றவர் அதையே அவளைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு உடம்புக்குள்ளும் போய் வேலை செய்கிறது. மார்பு காலியானால்தான் மேலும் சுரக்கும். பகல் முழுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சுரந்ததை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன். பயமும் பதற்றமும் அதைத் தடுத்து நிறுத்தும். ஆக, உனக்குப் பால் இல்லாதது உன் குற்றம் என்று ஒருத்தியிடம் சொல்வது, இருக்கிற கொஞ்சப் பாலையும் கட்டிப்போடுகிற காரியம்.

ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் குலசாமிக்கு அடுத்தபடி மனசில் இருப்பது பண்பொழித் திருமலை முருகன். “அந்த முருகனுக்கே பெத்தவ பால் கிடையாது, கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரு குடுத்த பாலுதான்” என்று உடன் வேலை பார்க்கும் ஒரு மதினி சொன்னாள். உண்மைதான். பாலூட்டியவர்கள் பெயராலேயே அவனைக் கார்த்திகேயன் என்கிறோம். மதுரைச் சொக்கநாதர், தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியாக வந்து முலை கொடுத்தார் என்கிறது திருவிளையாடல் புராணம். நம் காலத்திலும் இந்த வழி நிற்கவில்லை. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இப்போது அவை இருக்கின்றன. முகம் தெரியாத ஒருத்தியின் பாலில், குறைமாதத்தில் பிறந்த பிள்ளை தேறுகிறது. பிள்ளையின் பசியைப் பெற்றவள் ஒருத்தியே தீர்க்கவேண்டும் என்று எந்தப் புராணமும் எழுதிவைக்கவில்லை.

இத்தனையும் தெரிந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். இந்தக் கதைகள் எல்லாம் பிள்ளையின் பக்கம் நின்று பேசுகின்றன. பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது, சரி. கொடுக்க முடியாமல் போனவளுக்கு என்ன? பகவதியார் அன்று வீட்டில் என்ன நினைத்திருப்பார்? சேக்கிழார் அந்தப் பக்கம் போகவில்லை.

போனவர் ஒருவர் இருக்கிறார், குலசேகர ஆழ்வார். செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். அந்த மன்னர்கள் குலசேகரப் பெருமாள் என்னும் பட்டத்தைச் சூடியவர்கள். அதனால் இந்த ஆழ்வார் பெயரின்மேல் எனக்கு ஊர்ப் பாசமும் கொஞ்சம் உண்டு. பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் அவர் கண்ணனைப் பெற்ற தேவகியாகவே ஆகிவிடுகிறார். பெற்றாள், வளர்க்கவில்லை. தாலாட்டவில்லை. பிள்ளை புழுதியோடு தவழ்ந்துவந்து தன் மார்பில் சாய்ந்ததில்லை. பிஞ்சுக் கையால் அளைந்து அவன் உண்ட சோற்றின் மிச்சம்கூடத் தனக்கு வாய்க்கவில்லை என்று அழுகிறாள். தாய்மார்களில் கடைசியில் நிற்பவள் தான்தான் என்கிறாள். நஞ்சு தடவி வந்த பூதனையின் மார்பைக்கூட அவன் சுவைத்தான் என்று சொல்லும் இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்கவேண்டியிருந்தது. பால் பவுடர் டின்னைத் திறக்கும்போது எனக்குள் எழுந்த பொறாமையை, பெயர் சொல்லக் கூசிய பொறாமையை, ஆழ்வார் எனக்கு முன்பே அறிந்திருந்தார்.

தேவகியும் தன்னைக் கொடிய வினை உடையவள் என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் “ஆமாம், உன் வினைதான்” என்று அந்தப் பாசுரங்களில் ஒருவரும் அவளிடம் சொல்வதில்லை. “பிள்ளைதான் ஆயர்பாடியில் நன்றாக வளர்ந்துவிட்டானே, இனி என்ன அழுகை” என்றும் யாரும் அவள் வாயை அடைப்பதில்லை. அழுது முடிக்கும்வரை ஆழ்வார் அவளை அழவிடுகிறார். கடைசிப் பாசுரம், இந்தப் பதிகத்தை ஓதுகிறவர்கள் நாராயணன் உலகை அடைவார்கள் என்கிறது. ஒரு தாயின் இழப்பை, அதைச் சரிசெய்யாமல், சமாதானம் சொல்லாமல், அப்படியே வழிபாடாக எடுத்துக்கொண்டிருக்கிறது திவ்வியப் பிரபந்தம். பால் குறைந்ததைத் துக்கமாக மட்டும் நினைக்க எனக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. துக்கத்தைச் சாமி முன்னால் வைக்கலாம். குற்றவாளியாக நின்றுகொண்டிருந்தபோது என்னால் கும்பிடவே முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கு, குழந்தை பெற்றுத் திரும்பிய இன்னொரு டீச்சர் இந்த மாதம் வந்திருக்கிறாள். சாமான் அறை வாசலில் நின்று, “அக்கா, உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டாள். “எனக்கும் காணலைம்மா” என்றேன். பூண்டு பற்றியும் கீரை பற்றியும் நான் எதுவும் சொல்லவில்லை, அவள் வீட்டில் சொல்ல ஆள் இருக்கும். அவள் அழுது முடித்தபின் மகப்பேறு நலச் சட்ட விதியைப் பற்றிச் சொன்னேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பாலூட்டுவதற்காக வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தரச் சொல்லும் விதி அது. இரண்டு இடைவேளையும் அந்த அறைக்கு ஒரு தாழ்ப்பாளும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை தாளாளரைப் பார்க்கச் சேர்ந்து போகிறோம்.