ஆணியில் ஒரு டார்ச்

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். வில்லியனூர் பக்கம் தோட்டம். அதன் காவலுக்கு, லைசென்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. ராத்திரியில் உதவுமே என்று குழலுக்கு அடியில் ஒரு விளக்கும் மாட்டி வைத்திருந்தார்.

2011 டிசம்பர் 30. தானே புயல் கரை கடந்த நாள். கரன்ட் போனது போனதுதான். மறுநாள் ராத்திரி வீட்டு டார்ச்செல்லாம் மங்கிப்போக, பத்து வயதுப் பேரனுக்கு ஒரு யோசனை. 'தாத்தா துப்பாக்கியில நல்ல லைட்டு இருக்கே!'

அலமாரி சாவி இருக்கும் இடம் எந்தப் பேரனுக்குத் தெரியாது? எடுத்தான், ஸ்விட்சைப் போட்டான். அடுப்படியில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்த பாட்டி முகத்தில் பளீரென்று வெளிச்சம். வெளிச்சம் விழுந்த இடத்துக்கே குழலும் நீண்டிருந்தது.

நல்லவேளை, தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டுக்குள் இருந்தன. அதனால்தான் பிறகொரு நாள் அந்தப் பாட்டி கையால் நான் காபி குடிக்க முடிந்தது.

"பையன் மேல தப்பில்ல தம்பி. வெளிச்சத்தைத்தான தேடினான்? அதைக் கொண்டுபோய் துப்பாக்கியில மாட்டினவன் நானு" என்றார் பெரியவர்.

இப்போதெல்லாம் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வைக்கிறார். விளக்கைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிடுகிறார். துப்பாக்கி இரும்புப் பெட்டியில். தோட்டா தனியாக. சாவி அவர் இடுப்பில். வாசல் பக்கத்து ஆணியில், எல்லோருக்கும் எட்டுகிற உயரத்தில் ஒரு சாதாரண டார்ச்!

பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. இருட்டில் வீட்டில் இருப்பவர்கள் எதைத் தேடி ஓடுவார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

பயிற்சி பெற்றவர்களுக்கே இது சறுக்குகிறது. 2010-ல் அமெரிக்காவின் பிளேனோ நகரில் ஒரு போலீஸ்காரர், துப்பாக்கியிலிருந்த விளக்கைப் போட நினைத்து விசையை அழுத்திவிட்டதாகச் சொன்னார். எதிரே இருந்தவர் செத்துப்போனார். அவர் யார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கத்தான் விளக்கு. பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

துப்பாக்கி விளக்கில் உள்ள சிக்கலே இதுதான். ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அவரைக் குறிவைத்தாக வேண்டும்.

'எங்க வீட்ல துப்பாக்கியே இல்லையே சார்' என்கிறீர்களா? சரி. மோதிரம் காணோம் என்றதும் வேலைக்கார அம்மாவிடம் எப்படிக் கேட்டீர்கள்? மகள் அரை மணி லேட்டாக வந்தபோது, 'ஏன்மா லேட்டு?' என்ற கேள்விக்கு அடியில் என்ன மாட்டியிருந்தது? உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டீர்களா, முடிவு செய்துவிட்டுக் கேட்டீர்களா?

கேட்கலாம். தப்பே இல்லை. ஆனால் ஆணியில் தொங்குகிற டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.