அழகிய நூல் யாருக்கு உரியது?

நூல் என்பது படிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். எனினும், பார்த்து மகிழவும், பாதுகாத்து வைக்கவும், தமக்கே உரியதென்று பெருமை கொள்ளவும் நூல்களைத் தேடி வாங்குவோர் எல்லா நூற்றாண்டுகளிலும் இருந்துள்ளனர். பழைய பதிப்பு, அரிய ஓவியங்கள், பொன் பொறித்த தோல் அட்டை ஆகிய மூன்றும் ஒரு நூலில் ஒருங்கே அமைந்துவிட்டால், அதற்காகப் பெருஞ்செல்வத்தை ஈந்திடவும் அவர்கள் தயங்குவதில்லை. இந்த ஆர்வம் கலைப்பற்றா, பொருளாசையா? பசித்தோர் நிறைந்த உலகில் ஒரு நூலின் அட்டைக்கு இரத்தினம் பதிப்பது அறமாகுமா? நம்மில் பெரும்பாலோர் அத்தகைய நூலைக் கையால் தொடவும் போவதில்லை. ஆயினும் இவ்வினா நம் அனைவரையும் சாரும். ஏனெனில் அழகிய ஒன்றை உடைமையாகக் கொள்ளும்போது நம் உள்ளம் என்னவாகிறது என்பதையே இது கேட்கிறது.

இந்த ஆர்வத்தின் உச்சம் என்று சொல்லத்தக்க நூல் ஒன்று இலண்டனில் உருவாயிற்று. பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களை எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தார். எலிகூ வெடர் என்னும் அமெரிக்க ஓவியர் படம் வரைந்த பதிப்பு 1884இல் வெளிவந்தது. அப்பதிப்பின் ஒரு படிக்கு, பிரான்சிஸ் ஸாங்கோர்ஸ்கி என்னும் நூற்கட்டுக் கலைஞர் ஏறத்தாழ ஈராண்டு உழைத்து அட்டை அமைத்தார். அதன் முகப்பில் மூன்று மயில்கள். தோலில் பதித்த மணிகள் 1,000க்கும் மேல். 1912 மார்ச்சு 29 அன்று அது ஏலத்தில் 405 பவுனுக்கு விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்கருக்கு அதனைக் கொண்டு சென்ற கப்பலின் பெயர் டைட்டானிக். ஏப்ரல் 15 அன்று கப்பலோடு நூலும் கடலில் மறைந்தது. சில வாரங்களுக்குப் பின், சூலைத் திங்களில், அதனை உருவாக்கிய கலைஞரும் கடலில் மூழ்கி இறந்தார். அதே வடிவில் மீண்டும் செய்யப்பட்ட இரண்டாம் படி, இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது விழுந்த குண்டுகளால் அழிந்தது.

வாழ்வின் நிலையாமையைப் பாடும் கவிதைகளுக்கே நிலைத்த அழகைப் பூட்ட முயன்றார்கள். அட்டை அழிந்தது, பாடல்களோ எளிய பதிப்புகளில் இன்றும் வாழ்கின்றன. இதை வைத்து, 'இத்தகைய உழைப்பெல்லாம் வீண்' என்று தீர்ப்பளித்துவிடுவது எளிது. ஆனால் அத்தீர்ப்பு அவசரமானது.

திருச்சபைத் தந்தையருள் இவ்வினாவை நேரடியாக எழுப்பியவர் புனித எரோணிமுஸ். 384ஆம் ஆண்டளவில் யூஸ்தோக்கியம் என்னும் இளம்பெண்ணுக்கு உரோமையில் அவர் எழுதிய மடலில், செந்நீலச் சாயமேற்றிய தோலேடுகளையும், அவற்றில் பொன்னை உருக்கி எழுதிய எழுத்துகளையும், மணி பதித்த அட்டைகளையும் சுட்டிக்காட்டி, இவற்றுக்கு உரியவர்களின் வாயிலில் கிறிஸ்து ஆடையின்றி இறந்துகொண்டிருக்கிறார் எனக் கடிந்துகொள்கிறார். இவ்வாறு எழுதியவர் நூல்களை வெறுத்தவர் அல்லர். வீட்டையும் சுற்றத்தையும் நல்லுணவையும் துறந்தபோதும் தம் நூலகத்தை மட்டும் துறக்க இயலவில்லை என்று அதே மடலில் ஒப்புக்கொள்பவர். ஆகவே அவருடைய கண்டிப்பு, நூலாசையின் சுவையை அறிந்த ஒருவருடைய கண்டிப்பு.

இதற்கு மறுமொழியும் நற்செய்தியிலேயே உண்டு. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூசியபோது, ஏழைகளின் பெயரால் அதனைக் குறை கூறியவன் யூதாஸ். ஆண்டவரோ மரியாவின் பக்கம் நின்றார். அன்பின் மிகுதியால் கொட்டப்படுவது எப்போதும் வீண் செலவாகிவிடாது. இடைக்காலத் திருச்சபை நற்செய்தி நூல்களுக்குப் பொன்னும் மணியும் தந்தமும் கொண்டு அட்டை அமைத்ததும் இவ்வுணர்வால்தான். அந்நூல் தனி ஒருவரின் பேழைக்குள் கிடக்கவில்லை. திருவழிபாட்டில் அனைவரும் காணப் பவனியாக ஏந்திவரப்பட்டது. படிக்கத் தெரியாத ஏழையும் அதன் ஒளியைக் கண்டு வணங்கினான்.

ஆனால் மனிதக் கண் எதை முதலில் காண்கிறது? அயர்லாந்தின் கெல்ஸ் ஆலயத்திலிருந்து புனித கொலும்பாவின் பெயர் தாங்கிய பெரும் நற்செய்தி நூல் 1007இல் திருடப்பட்டதாக அந்நாட்டு ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. இரண்டு திங்களும் இருபது நாள்களும் கழித்து, பொன் பறிக்கப்பட்ட நிலையில் அது மண்ணுக்கு அடியில் கிடைத்தது. இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் நூலே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. திருடர்கள் பொன்னைக் கொண்டு சென்றனர். உலகமே வியக்கும் ஓவிய ஏடுகளை மண்ணில் எறிந்தனர். எது அணி, எது செல்வம் என்று அறியாதிருப்பது திருடர்களுக்கு மட்டும் உரிய குறையன்று.

அவ்வாறாயின், அழகிய நூலை உடைமையாகக் கொண்டவர் தம்மைத் தாமே எவ்வாறு சோதித்தறிவது? மூன்று வினாக்கள் உதவக்கூடும்.

முதல் வினா: இந்நூல் பிறருக்குத் திறக்கிறதா? 16ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அரசுப் பொருளாளராக இருந்த ழான் குரோலியே, நூற்கட்டுக் கலையின் பெரும் புரவலர். அவருடைய நூல்களின் தோல் அட்டையில், இது குரோலியேக்கும் அவருடைய நண்பர்களுக்கும் உரியது என்னும் பொருள்பட இலத்தீனில் பொன்னெழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. உடைமையைக் குறிக்கும் இடத்திலேயே பகிர்வையும் குறித்துவிட்டார். அவருக்கு முன்பே, டர்ஹாம் ஆயர் ரிச்சர்ட் டி பரி, நூற்காதல் பற்றி 1345இல் நிறைவு செய்த தம் நூலில், தம்முடைய சேமிப்பை ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கான விதிகளையும் வகுத்திருந்தார்.

இரண்டாம் வினா: நூலை நூலாகவே மதிக்கிறோமா, விலையாக மட்டும் மதிக்கிறோமா? ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட அமெரிக்கப் பறவைகள் நூலில் 435 வண்ணப் படங்கள் உள்ளன. அதன் முழுப்படி ஒன்று 2010 டிசம்பரில் இலண்டன் ஏலத்தில் 70 இலட்சம் பவுனுக்கும் மேல் விலைபோயிற்று. இதே நூலின் வேறு பல படிகள், படங்களைத் தனித்தனியே விற்பதற்காகப் பிரித்துக் குலைக்கப்பட்டன. சுவரில் தொங்கும் படம் அழகாயிருக்கலாம். ஆனால் அதற்காக ஒரு நூல் உயிரிழந்தது. விற்பவருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். சட்டப்படி உண்டு. எனினும் பல தலைமுறைகள் காத்து நம் கையில் தந்த ஒன்றை நம் தலைமுறையோடு முடித்துவிடும் உரிமை நமக்கு உண்டா?

அரிய நூல்களைக் காப்போர் செய்யும் தொண்டைத் தமிழ்க் கத்தோலிக்கர் நன்றியோடு நினைக்கக் காரணம் உண்டு. அண்டிரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பில், 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இன்று அறியப்பட்ட அதன் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மணியும் பொன்னும் அதற்கு இல்லை. யாரோ சிலர் அதனைக் குப்பையில் சேர்க்காமல் காத்ததால், நம் மொழியின் முதல் அச்சு நூல்களில் ஒன்று இன்றும் நிற்கிறது.

மூன்றாம் வினாவே கடினமானது: மனிதருக்காக இதனை இழக்க அணியமாயிருக்கிறோமா? மிலான் ஆயர் புனித அம்புரோஸ், சிறைப்பட்டோரை மீட்பதற்காக ஆலயத்தின் திருக்கலங்களையே உடைத்து உருக்கினார். குறை கூறியோருக்கு, பொன்னைக் காப்பதினும் மனித உயிரைக் காப்பதே மேல் என்று விடையளித்தார். அவர் அழகை வெறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. வழிபாட்டுக்குப் பாக்கள் இயற்றித் தந்தவர் அவர். திருக்கலத்திற்கே பொருந்தும் இவ்வரிசை, நம் பேழையிலுள்ள நூலுக்குப் பொருந்தாது போகுமா?

இம்மூன்று வினாக்களும் செல்வர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. திருமணப் பரிசாக வந்த, பொன் விளிம்பிட்ட விவிலியம் கண்ணாடிப் பேழைக்குள் பல ஆண்டுகள் திறக்கப்படாமல் இருக்கும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா? அழுக்குப் படிந்துவிடும் என்று பிள்ளைகளின் கைக்கு அதனை எட்டாமல் வைக்கிறோம். அந்த விவிலியமும் ஸாங்கோர்ஸ்கியின் மயில்களும் விலையில்தான் வேறுபடுகின்றன.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் இயேசு எசாயாவின் ஏட்டை விரித்து வாசித்த நிகழ்ச்சியைப் புனித லூக்கா எழுதும்போது ஒரு சிறு செய்தியையும் விடாமல் குறிக்கிறார். வாசித்து முடித்ததும், ஆண்டவர் ஏட்டைச் சுருட்டி, அதற்குப் பொறுப்பான ஏவலரிடம் திரும்பக் கொடுத்தார். தம்மைப் பற்றியே பேசிய அந்த ஏட்டையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. விரித்து, பிறர் கேட்க வாசித்து, அடுத்தவர் வாசிக்கத் திரும்பக் கொடுப்பது: நூலை உடைமையாகக் கொள்ளும் முறை இதனினும் வேறு ஒன்று நமக்கு வேண்டுமா?